உண்மையை அச்சிட்டால் குற்றமா?

தலைவர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, மூத்த பத்திரிகையாளர்களே, குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம். ஐயா முன்னால் சட்டம் பேசுவது எனக்குக் கிடைத்த பெருமை.

மூன்று விஷயம் பேசலாம் என்றிருக்கிறேன்: அச்சுக்கு உரிமம் வாங்கிய காலம், அவதூறுச் சட்டம், இணைய காலம். உரிம முறை இங்கிலாந்தில் 1695-இல் காலாவதியானது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்களுக்கு அவதூறு வழக்கு கைகொடுத்தது.

அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நியூயார்க்கில் ஜான் பீட்டர் ஜெங்கர் என்று ஓர் அச்சுக்காரர். ஆளுநர் காஸ்பியைக் கண்டித்த கட்டுரைகளை அச்சிட்டதற்காக 1734 நவம்பரில் அவரைச் சிறையில் போட்டார்கள். பத்திரிகை நின்றதா? ஒரே ஓர் இதழ்தான் தவறியது! மனைவி அன்னா, சிறைக் கதவின் துளை வழியாகக் கணவரிடம் கேட்டுக் கேட்டு வேலையை நடத்தினார். ஜெங்கருடைய வக்கீல்கள் நீதிபதிகளின் நியமனத்தையே கேள்வி கேட்டதால் அவர்கள் வாதாடும் உரிமையே பறிபோனது. அப்புறம் பிலடெல்பியாவிலிருந்து ஆண்ட்ரூ ஹாமில்டன் என்ற பெரியவர் வந்தார், எழுந்து நின்று, ஆமாம், இவர்தான் அச்சிட்டார், ஆனால் அச்சிட்டது பொய்யா என்று கேட்டார். அன்றைய சட்டப்படி உண்மை என்பது தற்காப்பே இல்லை, அச்சிட்டாரா என்று மட்டும்தான் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்த பொதுமக்கள் குழு, சொல்ல வேண்டும். 1735 ஆகஸ்டில் அந்த ஜூரி சட்டத்தை ஒதுக்கிவிட்டு, குற்றவாளி இல்லை என்றது. நீதிமன்றமே ஆரவாரித்தது. பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது!

சட்டம் உடனே மாறவில்லை. முழு வழக்கையும் ஜூரியே தீர்மானிக்கலாம் என்று இங்கிலாந்து ஒப்புக்கொண்டது 1792-இல். உண்மையோடு பொதுநன்மையும் இருந்தால் தப்பலாம் என்றது 1843-இல்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1860-இல் வெள்ளைக்காரர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் அவதூறைக் குற்றமாக்கிய 499, 500 பிரிவுகள், இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கின்றன. இன்றும் உண்மை மட்டும் போதாது, பொதுநன்மை என்றும் நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறை. இலங்கை 2002-லும், பிரிட்டன் 2009-லும் குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டன. நம் உச்ச நீதிமன்றம் 2016-இல் அது செல்லும் என்றது, தீர்ப்பை மதிக்கிறேன், ஆனால் நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே நீக்கலாமே! பெயர் கெட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கட்டும், யார் தடுத்தது? பத்திரிகைக்காரரை ஏன் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும்? எத்தனை நாள் பூசணிக்காயைச் சோற்றில் மூடுவது?

இணையம் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் நம் கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் போகாதீர்கள்.