தண்ணி குடிக்காத தொழிலா பாருங்க

வணக்கம் நேயர்களே. எங்க மன்னார்குடி பக்கம் ஐடிஐ முடிச்ச பசங்க பை தூக்கிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறிடறாங்க, அங்கதான் பிள்ளைப்பாக்கத்துல 2024 ஜனவரில பர்ஸ்ட் சோலார் கம்பெனியோட சோலார் பேனல் ஆலை திறந்தாங்க, வருஷத்துக்கு 3.3 கிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யும், தெக்க கங்கைகொண்டான்ல டாடா பவர் ஒண்ணு வெச்சிருக்கு, டெல்டாவுல அந்த சைஸ்ல எதுவும் கெடையாது. நமக்கும் ஒண்ணு வராதாங்கறாங்க.

வரட்டும். ஆனா எது வருதுன்னு பாக்கணும்ல? செல் செய்யறது வேற, பேனல் கோக்கறது வேற. செல்லுங்கறது பேனலுக்குள்ள வெயில கரண்ட்டா மாத்தற சில்லு, அதுக்கு வேஃபரை, அதாவது மெல்லிசா அறுத்த சிலிக்கான் தகட்டை, ஆசிட்ல கழுவணும், ரொம்ப சுத்தமான தண்ணி ஏகத்துக்கும் வேணும், ஹைட்ரோபுளோரிக் ஆசிட் கலந்த கழிவுத்தண்ணிய வேற சுத்தம் பண்ணணும். ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களான்னு காத்துக் கெடக்கற ஊருக்கு அது ஆகாதுங்க. 2020ல டெல்டாவுக்குப் போட்ட வேளாண் மண்டலச் சட்டம் தாமிர உருக்காலை, தோல் பதனிடறது, புது எண்ணெய்க் கிணறுன்னு தடுத்துச்சு, சோலார் அந்த லிஸ்ட்ல இல்லங்கறதால நாம கண்ண மூடிக்கலாமா என்ன.

பேனல் கோக்கறதுல அந்தத் தொல்லை இல்ல. கண்ணாடி, மேல பிளாஸ்டிக் ஷீட்டு, செல் வரிசை, மறுபடி ஷீட்டு, பின்னால ஒரு தாளு, எல்லாத்தையும் லேமினேட்டர்ல 150 டிகிரி கிட்ட சூடு காட்டி ஒட்டி அலுமினிய பிரேம் மாட்டறாங்க, அவ்வளவுதான். சோலார் மாதிரி காத்தாலை சாமானும் செய்யலாம், அதுல பிளேடு மட்டும் வேணாம், கும்பகோணத்துல தேர் திருப்பறதே பெரும்பாடு, 70 மீட்டர் இறக்கைய எங்க திருப்பறது! ஆனா டவர் செய்யலாம், இரும்புத் தகட்டை உருட்டி வெல்டிங் வைக்கறதுதான, பாய்லர் வேலை பாத்த வெல்டர் திருச்சி பக்கம் துவாக்குடில நெறையப் பேரு இருக்காங்க.

அரசாங்கம் என்ன செய்யணும்? வரிச்சலுகை எல்லா மாநிலமும்தான் குடுக்குது. வர்றவன் கேக்கறது ரெடியா ஒரு ஷெட், கட் ஆகாத கரண்ட், பொண்ணுங்க தங்க ஹாஸ்டல். அப்பறம் ஆர்டர். 2019லேர்ந்து குசும்ங்கற மத்திய அரசுத் திட்டத்துல விவசாயிக்கு சோலார் பம்புசெட்டு போடறாங்கல்ல, அதுக்கு ஸ்டாண்டு செய்ய டெண்டர் விடறப்ப இத்தன கோடி டர்ன்ஓவர் காட்டுன்னா சின்னப் பட்டறைக்காரன் எங்க போவான்? ஸ்டாண்டு துருப்பிடிக்காம இருக்க துத்தநாகத்துல முக்கறதுலயும் ஆசிட் இருக்கு, அத சுத்திகரிப்பு இருக்கற எடத்துல மட்டும் விடணும்.

நெலம்னதும் நஞ்சையத்தான் கைகாட்டறாங்க, அதான் எனக்கு எரிச்சல். பொங்கலுக்கு வந்த அக்கா மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல பேனல்ல குமிழி இருக்கான்னு பாக்கற வேலையாம். "மாமா, இத நம்மூரு அரிசி மில்லுலயே போட்டுறலாம்"ங்கறான். தூசி ஆகாதுடா, ஏசி வேணும்னேன்.

"போட்டுக்கலாம் மாமா, மில்லு மூடிதான கெடக்கு"ன்னான்.