இலை எங்கே ஒதுங்கும், ஆறு எவ்வளவு ஏறும்?

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே!

நான் மேடையேறும் முன், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓர் அண்ணாச்சி என்னை நிறுத்திக் கேட்டார்: "நாளைக்கு மழை என்கிறார்கள். நம்பிக் களத்து நெல்லை மூடிவைத்தால் வெயில் காய்கிறது. நாளையைச் சொல்ல முடியாதவர்கள், ஐம்பது வருடம் கழித்துப் பூமி சூடாகும் என்றால் எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு அதற்கே பதில் சொல்கிறேன்.

பாபநாசம் படித்துறையில் ஓர் ஆலிலையைத் தாமிரபரணியில் விடுங்கள். சீவலப்பேரியில் அது எந்தக் கரையில் ஒதுங்கும்? யாராலும் சொல்ல முடியாது. முதல் பாறையில் ஒரு விரற்கடை தள்ளி மோதினாலும் அதன் வழியே மாறிவிடும். ஆனால் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிட்டால், குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்ற கணக்குப் போதும். இலையின் வழி தெரிய வேண்டியதில்லை.

வானிலை, இலையைப் பற்றிய கேள்வி. 1961-இல் அமெரிக்காவில் வானிலை அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் கணினியில் ஒரு வானிலைக் கணக்கைத் திரும்ப ஓட்டினார். 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சற்று நேரத்தில் விடை முற்றிலும் வேறு திசையில் போய்விட்டது. காற்றையும் ஈரத்தையும் இம்மி பிசகாமல் அளக்க எவராலும் ஆகாது. அதனால் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் இந்த நாளில் இந்த ஊரில் மழை என்று சொல்வது இயலாது. அதற்குள் சொல்வது நன்றாகவே தேறியிருக்கிறது, அண்ணாச்சி. பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னறிவிப்பு நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

காலநிலை, ஆற்றின் மட்டத்தைப் பற்றிய கேள்வி. நம் பாட்டன்மாருக்கு நாளைய மழை தெரியாது. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிக் கார் நெல் நட்டார்கள். ஐப்பசி அடைமழையை நம்பிப் பிசான நெல் நட்டார்கள். அந்த நம்பிக்கை பல்லாண்டுச் சராசரியின் மேல் நின்றது. இன்றும் அறிவியலார் 30 ஆண்டுச் சராசரியைத்தான் காலநிலை என்கிறார்கள்.

அந்தச் சராசரியை இப்போது நகர்த்துவது எது? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ் இதைக் கையாலேயே கணக்கிட்டது 1896-இல். கணினியில் முதல் வானிலைக் கணிப்பு நடந்ததோ 1950-இல். 1967-இல் மனாபே, வெதரால்டு என்ற இரு அறிவியலார், இந்த வாயு கூடினால் தரையை ஒட்டிய காற்று சூடாகும், மிக உயரத்துக் காற்று குளிரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டும் அளந்து பார்த்தபோது அப்படியே இருந்தன. மனாபேவுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கும் எல்லை உண்டு. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகம். உலகக் காலநிலைக் கணக்குகள் பூமியைப் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவிலான கட்டங்களாகப் பிரிக்கின்றன. மாஞ்சோலையின் ஓயாத மழையும் சாத்தான்குளத்துச் செம்மணல் தேரியின் வறட்சியும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே வெப்பம் கூடும் என்பதைச் சொல்லும் உறுதியோடு, அம்பாசமுத்திரத்தில் எத்தனை சென்டிமீட்டர் மழை கூடும் அல்லது குறையும் என்று சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். நம் வீடுகளுக்குள் ஆறு வந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த ஒரு மழையைக் காட்டி, "பாருங்கள், காலநிலை மாற்றம்" என்று நான் சொல்ல மாட்டேன். அது இலை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். இது ஆற்று மட்டம்.

அண்ணாச்சி, நாளை நெல்லை மூடலாமா என்று கேட்டால், நானும் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் சொல்வேன். உங்கள் குளத்தில் மிகுதி நீர் வெளியேறும் மறுகால் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு முப்பது வருடக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை மராமத்துக்கு வருகிறவர்களிடம், எந்த வருடம் வரையிலான மழையை வைத்து அளந்தீர்கள் என்று ஊர்கூடிக் கேளுங்கள்.