லைவ்ல மூணு பேர்தான் இருக்காங்களா? கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்க

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடலாம். கேம் ஆடுறவங்க, சமைக்கிறவங்க, டிஎன்பிஎஸ்சி பாடம் எடுக்கிறவங்க, யூடியூப்ல யார் லைவ் போட்டாலும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "மாசக்கணக்கா போடுறேன், மேல இருக்கிற நம்பர் மூணைத் தாண்ட மாட்டேங்குதே, ஏன்?"

முதல்ல அந்த நம்பரைப் புரிஞ்சுக்கணும். அது அந்த நிமிஷம் உள்ள இருக்கிறவங்களோட எண்ணிக்கை மட்டும்தான். ரெண்டு மணி நேர லைவ்ல சராசரியா பத்து பேர் இருக்கணும்னு வைங்க. 120 நிமிஷத்தைப் பத்தால பெருக்குங்க, 1200 நிமிஷம். வர்ற ஆள் ஆறு நிமிஷத்துல கிளம்பினா, அந்த 1200-ஐ நிரப்ப 200 பேர் வரணும். அதே ஆள் 24 நிமிஷம் உட்கார்ந்தா 50 பேர் போதும். புதுசா 150 பேரைத் தேடிப் பிடிக்கிறதைவிட, வந்த 50 பேரை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறது எவ்வளவோ சுலபம். அதனால உங்க அனலிடிக்ஸைத் திறந்து, சப்ஸ்கிரைபர் எத்தனைன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, ஒரு ஆள் சராசரியா எவ்வளவு நேரம் பார்த்திருக்கார்னு பாருங்க.

ஏன் கிளம்புறாங்க? பெரும்பாலும் சத்தம்தான் காரணம். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா பொறுத்துப்பாங்க. குரல் குகைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்டா பத்து செகண்ட் தாங்காது. மைக் வாய்ல இருந்து ஒரு சாண் தூரத்துல இருக்கணும். அதுவும் நேரா இல்லாம, கொஞ்சம் பக்கவாட்டுல. நம்ம ஊர்ல ஃபேனை அணைச்சுட்டு ரெண்டு மணி நேரம் உட்கார முடியாது, அதனால ஃபேன் காத்து மைக்ல நேரா அடிக்காத இடத்துல உட்காருங்க. ஓபிஎஸ்ல (கம்ப்யூட்டர்ல இருந்து லைவ் அனுப்புற இலவச சாஃப்ட்வேர்) மைக்குக்கு ஃபில்டர் போடுற இடத்துல நாய்ஸ் சப்ரஷன்னு, அதாவது இரைச்சலைக் குறைக்கிறது, இருக்கும், அதுல ஆர்என்நாய்ஸைத் தேர்ந்தெடுங்க. பேசும்போது ஓபிஎஸ்ல மைக்கோட சத்த மீட்டர் மஞ்சள்ல ஆடணும், அதாவது மைனஸ் 20-க்கும் மைனஸ் 9 டெசிபலுக்கும் நடுவுல. சிவப்புக்குப் போச்சுன்னா உங்க சிரிப்பு கேட்கிறவங்க காதைக் கிழிக்கும். கேம் சத்தத்தை மைனஸ் 30 பக்கத்துல இறக்கி வைங்க. நிறைய பேர் இதைத் தலைகீழா வெச்சிருக்காங்க.

அடுத்தது நெட். 720பி தரம், செகண்டுக்கு 30 ஃப்ரேமுக்கு 4000 கேபிபிஎஸ் பிட்ரேட் போதும் (செகண்டுக்கு எவ்வளவு டேட்டா அனுப்புறோம்ங்கிறதுதான் பிட்ரேட்). செட்டிங்ஸ்ல பிட்ரேட்டை ஏறி இறங்காத கான்ஸ்டன்ட்ல வைங்க, கீஃப்ரேம் (முழுப் படமா போற ஃப்ரேம்) இடைவெளி 2 செகண்ட். ஆனா உங்க அப்லோட் வேகத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல பிட்ரேட்டுக்குக் கொடுக்காதீங்க. 4000, அதாவது நாலு எம்பிபிஎஸ் போடணும்னா அப்லோட் ஆறு எம்பிபிஎஸ் நிலையா வரணும். அதையும் காலைல டெஸ்ட் பண்ணாதீங்க, ராத்திரி எட்டு மணிக்கு, தெருவே நெட்ல இருக்கும்போது டெஸ்ட் பண்ணுங்க. மொபைல் டேட்டாவுல போடுறவங்க கவனிங்க: 4000 கேபிபிஎஸ்னா நிமிஷத்துக்கு 30 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் அம்பதாவது நிமிஷத்துல தீர்ந்துடும், அதுவும் நல்லா சூடு பிடிக்கிற நேரத்துல.

லைவ் திக்குதுன்னா உடனே நெட் கம்பெனியைத் திட்டாதீங்க. ஓபிஎஸ்ல ஸ்டாட்ஸ் விண்டோவைத் திறந்து பாருங்க, மூணு வரி இருக்கும். நெட்வொர்க்ல ட்ராப் ஆன ஃப்ரேம் ஏறினாத்தான் அது நெட் பிரச்சினை, பிட்ரேட்டைக் குறைங்க, வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு வாங்க. ரெண்டரிங் லேக் ஏறினா கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு வாங்குதுன்னு அர்த்தம், கேமோட ஃப்ரேம் ரேட்டை 60-ல நிறுத்துங்க. என்கோடிங் லேக் ஏறினா வீடியோவைச் சுருக்கி அனுப்புற வேலையை ப்ராசஸர் தாங்கலை. என்விடியா கார்டு இருந்தா அந்த வேலையைக் கார்டே செய்யுற என்வென்க்குக்கு மாத்துங்க, இல்லைன்னா ரெசல்யூஷனை இறக்குங்க.

கரண்ட் கட் பத்தி ஒண்ணு. ரவுட்டருக்குன்னே சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்குது, வாங்கி வைங்க. கூடவே யூடியூப் லைவ் செட்டிங்ஸ்ல ஆட்டோ ஸ்டாப்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அணைச்சு வைங்க. அது ஆன்ல இருந்தா நெட் அறுந்ததும் லைவையே முடிச்சு மூடிடும். நீங்க புதுசா வேற லிங்க்ல ஆரம்பிக்கணும், உட்கார்ந்திருந்தவங்க பழைய லிங்க்லயே நின்னுடுவாங்க. அணைச்சு வெச்சிருந்தா அதே லிங்க்ல திரும்ப வந்து சேர்ந்துக்கலாம்.

இப்ப பேச்சு. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. "எல்லாரும் வரட்டும், வெயிட் பண்ணுவோம்"னு முதல் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறது பெரிய தப்பு. சீக்கிரம் வந்தவங்கதான் உங்க மேல அதிகப் பிரியம் உள்ளவங்க. அவங்களைக் காக்க வெச்சா எப்படி? தவிர, பின்னாடி ரெக்கார்டிங் பார்க்கிறவங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் முதல்ல ஓடும். முதல் நிமிஷத்துலயே இன்னைக்கு என்ன நடக்கப் போகுதுன்னு சொல்லுங்க. அப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு வரியில திரும்பச் சொல்லுங்க: "புதுசா வந்தவங்களுக்கு, இங்க ரெண்டு கிலோ மட்டன் குக்கர் இல்லாம வேகுது, இப்ப மசாலா போடுற கட்டம்." நடுவுல நுழையுற ஆளுக்கு இது தெரியலைன்னா அவர் நிக்க மாட்டார்.

சாட்ல யாருமே பேசலையா? "ஏதாவது பேசுங்கப்பா"ன்னு கெஞ்சாதீங்க. ஒரே வார்த்தையில பதில் சொல்ற மாதிரி கேளுங்க: "புளியா, தக்காளியா?" கேட்டுட்டு உடனே வாயை மூடாதீங்க. லைவ் அவங்களுக்குச் சில செகண்ட் தாமதமாத்தான் போகுது, அப்புறம் அவங்க டைப் பண்ணணும். அதுவரைக்கும் நீங்களே உங்க பதிலைச் சொல்லிட்டு இருங்க. செட்டிங்ஸ்ல லேட்டன்சியை லோவுக்கு மாத்தினா அந்தத் தாமதம் குறையும். அல்ட்ரா லோவும் இருக்கு, ஆனா நெட் ஆட்டம் காணுற இடத்துல பார்க்கிறவங்களுக்கு அதிகமா பஃபர் ஆகும்.

சப் ஃபார் சப் வேண்டவே வேண்டாம். "நீ பண்ணு, நான் பண்றேன்"னு சேர்ந்த 500 பேர்ல யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டாங்க.

நேரம். வாரத்துக்கு மூணு நாள், ஒரே மணி, ரெண்டு ரெண்டு மணி நேரம் போதும். தினமும் நினைச்ச நேரத்துக்கு ஆறு மணி நேரம் போடுறதைவிட இது நல்லது, ஏன்னா ஜனங்க பழக்கத்துலதான் வருவாங்க. ரெண்டு நாள் முன்னாடியே ஷெட்யூல் பண்ணி லிங்க்கைப் பகிர்ந்துடுங்க, அதுல அறிவிப்பு பட்டன் இருக்கும். ஐபிஎல் மாசத்துல ஏழரைக்கு மேட்ச் ஆரம்பிக்கும், அதோட மோதாதீங்க. தலைப்புல "சண்டே லைவ்"னு போட்டா யாரும் தேடி வர மாட்டாங்க. என்ன செய்யுறீங்களோ அதைப் போடுங்க, தமிழ் எழுத்துலயும் தங்கிலீஷ்லயும், ஏன்னா தேடுறவங்க ரெண்டு மாதிரியும் டைப் பண்றாங்க.

கேம் ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். ஒரே கேம்ல முழு சேனலையும் கட்டாதீங்க. இந்தியாவுல பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர்ல தடை ஆச்சு. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரில போச்சு. பப்ஜியோட இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 ஜூலைல வந்து, அடுத்த ஜூலைலயே ஸ்டோர்ல இருந்து காணாமப் போய், 2023 மே மாசம்தான் திரும்பி வந்துச்சு. வாரத்துல ஒரு நாள் வேற கேம், இல்ல சும்மா பேச்சு மட்டும் போடுங்க. அந்த நாளும் வர்றவங்கதான் உங்களுக்காக வர்றவங்க. அப்புறம், பணம் கட்டி ஆடுற ஆப்புக்கு விளம்பரம் கேட்டு யாராவது வந்தா ஒத்துக்காதீங்க. 2025 சட்டப்படி அந்த விளம்பரத்துக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, 50 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு.

சரி, முதல்ல கணக்குல சொன்ன அந்த 50 பேர் எங்க இருந்து வருவாங்க? லைவ்ல இருந்து இல்லை. கூட்டம் இருக்கிற லைவ்தான் எல்லார் கண்ணுலயும் படும், மூணு பேர் இருக்கிறது அடியிலதான் கிடக்கும். புது ஆள் ஷார்ட்ஸ்ல இருந்தும் தேடல்ல இருந்தும்தான் வருவாங்க. அதனால லைவ் ஓடும்போதே பக்கத்துல ஒரு பேப்பர் வைங்க. நல்லா சிரிச்ச இடம், கடைசி ஆளை அடிச்ச இடம், குழம்பு திரிஞ்சு சரி பண்ண இடம், நேரத்தைக் குறிச்சுக்கோங்க. முடிஞ்சதும் அன்னைக்கே மூணு வெட்டுங்க, செங்குத்தா, ஒரு நிமிஷத்துக்குள்ள, முதல் செகண்ட்லயே விஷயம் நடக்கிற மாதிரி. ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் போட்டா 2023 ஆகஸ்ட் கடைசியில இருந்து அழுத்த முடியாது. அதுக்குப் பதிலா ரிலேட்டட் வீடியோன்னு ஒரு இடம் இருக்கும், அதுல அந்த லைவோட ரெக்கார்டிங்கை இணைங்க. அந்த ரெக்கார்டிங்ல பின் பண்ண கமெண்ட்டா அடுத்த லைவோட ஷெட்யூல் லிங்க்கைப் போடுங்க, கிழமையும் மணியும் சேர்த்து.