கட்டுமா, கட்டாதா?

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறேன். மா கணக்கு தெரியாதவர்களுக்கு, அது இரண்டு ஏக்கர். எங்கள் வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கட்டுமாடா?" என்பதுதான். டவுனுக்குப் போய் உரம் வாங்கினாலும் சரி, பசு வாங்கினாலும் சரி, அதே கேள்வி. போடுகிற காசும் உழைப்பும் திரும்பி வருமா என்று ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறோம். பதில் சொல்லத்தான் நான் ரொம்ப நாள் தப்பான கணக்குப் போட்டிருக்கிறேன். தை அறுப்புக்கு இன்னும் சில வாரமே இருக்கிறது. அதனால் அந்தத் தப்பை இன்று உங்களிடம் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, சம்பாவில் சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் போட்டிருந்தேன். அறுப்புக்கு எட்டு நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நின்ற நெல்லுக்குள்ளேயே ஆடுதுறை 3 ரக உளுந்தை விதைத்துவிட்டேன். நம் டெல்டாவில் பழைய வழக்கம் இது. உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தைப் பனியிலும் எழுபது, எழுபத்தைந்து நாளில் விளைந்துவிடும்.

அந்த வருடம் அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. பெல்ட் வண்டிக்காரரை, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு இயந்திரம் வைத்திருப்பவரைக் கூப்பிட்டேன். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆள் வைத்து அறுத்து, கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றினால் ஆறு மாவுக்கும் 14,000 ரூபாய். வண்டிக்கு மணிக்கு 2,500 வீதம் மூன்று மணி நேரத்துக்கு 7,500. மிச்சம் 6,500. நாளும் ஐந்து மிச்சம். கட்டும் என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன்.

வண்டி போன பிறகு அம்மா வயலில் இறங்கி நடந்தார். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் பெல்ட் பதிந்த இடமெல்லாம் முழங்கால் பள்ளம். வண்டி திரும்பிய மூலைகளில் இரண்டு இலை விட்டிருந்த உளுந்து சேற்றோடு அரைபட்டுக் கிடந்தது. அம்மா கேட்டார்: "உளுந்த எந்தக் கணக்குல வச்ச?"

எந்தக் கணக்கிலும் வைக்கவில்லை. அறுப்புச் செலவு ஒரு பக்கம், உளுந்து வரவு இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக எழுதிப் பழகியவன் நான். ஒன்றுக்காக எடுத்த முடிவு மற்றதைத் தின்னும் என்று தோன்றவே இல்லை. வழக்கமாக இரண்டு ஏக்கரில் நாலரை குவிண்டால் வரும். அந்த வருடம் 240 கிலோதான் வந்தது. 210 கிலோ குறைவு. நான் விற்ற விலை கிலோ 65 ரூபாய். ஆக 13,650 போயிற்று. வைக்கோலையும் சேர்க்க வேண்டும். கை அறுப்பு வைக்கோல் அப்படியே போரில் ஏறும். வண்டி சிதறிய வைக்கோலைச் சுருட்ட இன்னொரு இயந்திரம், கட்டுக்கு 40 ரூபாய், அறுபது கட்டுக்கு 2,400. உளுந்து குறைந்ததால் பறிக்கும் கூலி ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாம் கழித்துப் பார்த்தால், 6,500 மிச்சம் என்று நான் எழுதிய இடத்தில் 8,550 நட்டம்.

இதைக் கேட்டு, கை அறுப்புதான் நல்லது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அடுத்த வருடம் நான் அப்படித்தான் வீம்பாக ஆளுக்காகக் காத்திருந்தேன். ஒன்பது நாள் தள்ளிப்போனது. முற்றிய கதிரில் மணி கொட்டியது. நடுவில் ஒரு மழை. இரண்டு மா சாய்ந்துவிட்டது. அறுபது கிலோ மூட்டையில் ஆறு மூட்டை குறைந்தது. உளுந்துக்கும் நன்மை இல்லை. நெல் நிழலுக்குள்ளேயே அதிக நாள் கிடந்த செடி வெயில் காணாமல் வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, அறுப்பு முடிந்ததும் படுத்துவிட்டது. வண்டியில் கெட்டது ஒரு வருடம், வண்டி வேண்டாம் என்றதில் கெட்டது இன்னொரு வருடம்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. "வண்டி கட்டுமா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே கிடையாது. இந்த வயலில், இந்த ஈரத்தில், ஆள் வரும் தேதி இன்னது என்று தெரிந்தால் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இப்போது பத்து நாள் முன்பே தண்ணீரை முழுக்க வடித்துவிடுகிறேன். வண்டிதான் என்று முடிவானால், அதன் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, உளுந்தை நாலே நாள் முன்பு விதைக்கிறேன். முளை தலை தூக்கும் முன் வண்டி போய்விடும். வண்டி ஒரே வரப்போரமாகத் திரும்பட்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுகிறேன். அந்த ஓரத்துக்கு மட்டும் இரண்டு கிலோ விதை தனியாக வைத்திருப்பேன். போன வருடம் இப்படிச் செய்து நாலு குவிண்டால் எடுத்தேன்.

செய்யலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன். உளுந்து பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து மறு தடவை, இரண்டு சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு நாலு கிலோ டிஏபியை முந்தின ராத்திரி ஊறப்போட்டு, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி அடிக்க வேண்டும். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று ஐந்து மாவுக்கு அடித்து, ஒரு மாவை அடிக்காமல் விட்டேன். அடித்த மாவில் 85 கிலோ, அடிக்காததில் 70. பதினைந்து கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். மாவுக்கு டிஏபி செலவு, இரண்டு தடவைக்கும் சேர்த்து 75 ரூபாய்கூட இல்லை. மற்றது என் இரண்டு காலைப்பொழுது.

அந்தக் காலைப்பொழுதுக்கும் கூலி போட வேண்டும். நம்மில் பலர் இதைச் செய்வதே இல்லை. "நாமதானே போறோம், செலவா?" என்று விட்டுவிடுகிறோம். நெல்லுக்கும் உளுந்துக்கும் ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையம் செலவை மூன்று விதமாகக் கணக்கிடுகிறது. கையை விட்டுப் போன செலவு மட்டும் என்றால் ஏ2. குடும்பத்தார் உழைப்புக்கும் கூலி கட்டினால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்குக் குத்தகை, சொந்த முதலுக்கு வட்டி இதையெல்லாம் சேர்த்தால் சி2. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் சேர்த்து விலை தர வேண்டும் என்றது. எந்தச் செலவு என்பதில்தான் இன்று வரை வாதம். அரசு ஏ2 கூட்டல் எஃப்எல்லின் ஒன்றரை மடங்கு என்கிறது, விவசாய சங்கங்கள் சி2 என்கின்றன. நான் சங்கங்களின் பக்கம். ஆனால் என் அம்மா கதிர் பொறுக்கி, உளுந்து பறித்து, புடைத்து எடுக்கும் நாட்களை நானே என் நோட்டில் எழுதாமல், அரசாங்கம் எழுதவில்லை என்று பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடமாக எழுதுகிறேன். போன தையிலிருந்து பங்குனி வரை அம்மா பெயரில் மட்டும் 31 நாள் வந்தது. அதைக் கூட்டிப் பார்த்தபோது உளுந்தில் எனக்கு வந்த லாபத்தில் பாதிக்குமேல் அவருடைய கூலி என்று தெரிந்தது.

இந்த வாரம் வயலில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. வடிகால் வாயை நாளைக் காலையில் வெட்டிவிடுகிறேன். வண்டிக்காரர் தை பதினொன்று என்று சொல்லியிருக்கிறார். பத்தாம் தேதி மழை வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வயலுக்கும் இப்போதே ஒரு பக்கம் எழுதிவிடுங்கள், உளுந்தையும் வைக்கோலையும் அதே பக்கத்தில்.

வணக்கம்.