ஊர் திரும்பிய 16 பொருட்கள்

வணக்கம் நேயர்களே.

கனடாவின் நுனாவுட் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கிங் வில்லியம் தீவில் ஜோவா ஹேவன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுமார் 1,300 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாட்டிலிக் இனுயிட் மக்கள், அந்தப் பனிநாட்டின் பூர்வகுடிகள். இனுயிட் மொழியில் ஊரின் பெயர் உக்சுக்தூக். கொழுப்பு நிறையக் கிடைக்கும் இடம் என்று பொருள். கடல்நாயின் கொழுப்பை எரித்துத்தான் அங்கே வீட்டுக்கு வெளிச்சமும் சூடும் என்றிருந்த காலத்தில், ஓர் ஊருக்கு இதைவிட நல்ல பெயர் வேறென்ன வைக்க முடியும்!

1903-இல் நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுன்ட்சென் 'யோவா' என்ற கப்பலில் அங்கே வந்தார். இரண்டு குளிர்காலம் தங்கினார். பனியில் எப்படி உடுத்துவது, நாய்களைப் பூட்டி எப்படிச் சறுக்குவண்டி ஓட்டுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த மக்கள்தான். 1911-இல் அவர் தென்துருவத்தை எட்டியபோது இந்தப் படிப்புதான் கைகொடுத்தது. அவர்களிடம் பண்டமாற்றாக வாங்கிய உடைகளும் கருவிகளும் ஓஸ்லோ அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அவற்றில் 16 பொருட்களை 2013-இல் ஓஸ்லோ திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு அந்த ஊரில் நாட்டிலிக் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது.

வெறும் 16 தானா என்று தோன்றலாம். ஒரு பழைய தோல் சட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கரிபூ மானின் ஒவ்வொரு முடிக்குள்ளும் காற்று தங்கியிருக்கும். குளிரைத் தடுப்பது அதுதான். இரண்டு சட்டை போடுவார்கள். உள்சட்டையின் முடி உடம்பைத் தொடும், வெளிச்சட்டையின் முடி வெளியே பார்க்கும். தைப்பதற்கு அதே மானின் முதுகுத் தசைநார்தான் நூல். ஈரம் பட்டால் அது உப்பி, ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். தைக்கத் தெரிந்த ஒரு பாட்டியின் கண்ணில் பட்டால், எந்த இடத்துத் தோலை எங்கே வெட்டி வைத்தார்கள் என்று தையலைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தச் சட்டையும் அந்தப் பாட்டியும் ஒரே ஊரில் இருக்க வேண்டாமா?

அப்புறம், அங்கே வாய்வழிக் கதைகளும் சொத்துதான். 1845-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கடற்பயணி பிராங்க்ளினின் இரண்டு கப்பல்கள், 'எரபஸ்', 'டெரர்', இந்தத் தீவுப் பக்கம் பனியில் சிக்கின. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கப்பல்களைப் பார்த்தவர்கள் சொன்னதை இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்தார்கள். வெளியார் பலர் அதை நம்பவில்லை. ஜோவா ஹேவனின் லூயி கமூகாக் பெரியவர்களிடம் பல ஆண்டுகள் உட்கார்ந்து அந்தக் கதைகளைச் சேர்த்தார். 2014-இல் கடலடியில் 'எரபஸ்' கிடைத்தது, இனுயிட் மக்கள் சொல்லிவந்தபடி தீவுக்குத் தெற்கேயே. 2016-இல் 'டெரர்' கிடைத்தது, அதே ஊர் வேட்டைக்காரர் ஒருவர் காட்டிய இடத்தில்.

இவ்வளவு நினைவாற்றல் உள்ள மக்கள் தங்கள் பாட்டன் பூட்டன் செய்த பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டார்களா? அமுன்ட்சென் கொண்டுபோனதில் பெரும்பகுதி இன்னும் ஓஸ்லோவில்தான் இருக்கிறது. அதுவும் ஊர் வந்து சேர வேண்டும் என்பதே என் ஆசை.

வணக்கம்.