சந்தேகங்களுக்கு விளக்கம்: எழுதினவர் விலகினால் கொமிக்ஸ் தொடரை வாங்கிறதோ, விடுறதோ?

அடுத்த கேள்வி கொக்குவிலில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அப்பிடியே வாசிக்கிறன்.

"அண்ணா, சுப்பர் ஹீரோ கொமிக்ஸ் ஒண்டைக் கனகாலமா எழுதினவர் விலகிறார் எண்டால் இணையத்தில ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொந்தளிக்கினம்? அவர் போனாப் பிறகு கதை அந்தரத்தில நிண்டிடுமோ? நான் ஸ்பைடர்மானும் பட்மானும் தனி இதழா இல்லை, தொகுப்புப் புத்தகமாத்தான் எடுக்கிறனான். தொடர்ந்து எடுக்கலாமோ?"

நல்ல கேள்வி தம்பி. எழுதினவர் போறார் எண்டு கேள்விப்பட்ட உடனை நீங்கள் தேடிப் பாக்கவேண்டியது ஒண்டுதான்: அவர் எப்பிடிப் போறார்? தான் நினைச்ச இடத்தில முடிச்சுப்போட்டுப் போறாரோ, கொம்பனி நாள் குறிச்சு எழுப்பிவிட்டதோ, எடிட்டரோட கொழுவிக்கொண்டு இடையில எழும்பினாரோ? கதைக்கு ஒழுங்கான முடிவு இருக்குமோ எண்டது அதிலதான் தங்கியிருக்கு. ரசிகர்மாற்றை கோவமும் அநேகமா அதைச் சுத்தித்தான் வரும்.

இதை விளங்கிக்கொள்ளுறதுக்குச் சொத்து ஆற்றை எண்டு தெரியவேணும். ஸ்பைடர்மானைப் போடுற மார்வல், பட்மானைப் போடுற டிசி எண்ட ரெண்டு அமெரிக்கக் கொம்பனியிலயும் பாத்திரங்கள் கொம்பனியின்ரை சொத்து. எழுதுறவர் தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்யிற ஆள் மாதிரி. பத்து வருசம் தண்ணி இறைச்சு, பயிர் மாத்தி, அந்த மண்ணையே வேறை மாதிரி ஆக்கியிருப்பார். ஆனால் காணிக்காரர் "காணும், இனி வேறை ஆள்" எண்டால் அவ்வளவுதான். சொந்தமாச் செய்யிற தொடரில இந்தக் கரைச்சல் இல்லை. ரொபேட் கேர்க்மன் 'இன்வின்சிபிள்' எண்ட தொடரை 2003இல தொடங்கி, 2018இல 144ஆம் இதழோட தானே முடிச்சார். அவர் போனாப் பிறகு ஆர் எழுதிறது எண்ட கேள்வியே அங்க எழும்பேல்லை.

வாசிக்கிற எங்களுக்கோ அந்தப் பாத்திரமும் அதை எழுதிறவற்றை குரலும் ஒண்டாத்தான் மனசில பதிஞ்சிருக்கும். ஸ்பைடர்மானா வாற பீற்றர் பார்க்கர் எப்பிடிப் பகிடி விடுவான், எந்த இடத்தில பேசாமல் நிப்பான் எண்டதெல்லாம் உண்மையில ஒரு மனிசன்ரை கை. அந்தக் கை மாறினால் அதே முகம், அதே உடுப்பு, கதைக்கிறது மட்டும் வேறை ஆள் மாதிரி இருக்கும். அந்தக் கவலை நியாயமான கவலை.

இப்ப நடைமுறைக்கு வருவம். ஒரு மாத இதழில கதை இருபது பக்கம். கீறுறவர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பக்கம் கீறுவார், அதுக்கே ஒரு மாதம் போயிடும். பிறகு மை போடுறது, வர்ணம், எழுத்துப் பதிக்கிறது, அச்சு. அதால இதழ் கடைக்கு வாறதுக்கு மாதக்கணக்கா முதலே ஸ்கிரிப்ட் கையில இருக்கவேணும். கடைக்காரருக்கு விபரப் பட்டியல் ஏறக்குறைய மூண்டு மாதத்துக்கு முதலே போகும். ஓடர் கணக்கை அவை கடைசியா மாத்தக்கூடியது இதழ் வாறதுக்கு மூண்டு கிழமை அளவுக்கு முதல். இதின்ரை அர்த்தம் என்னெண்டால், விலகிற செய்தி உங்கடை காதுக்கு வரேக்கை அவற்றை அடுத்த ரெண்டு மூண்டு இதழ் அநேகமா எழுதி முடிஞ்சிருக்கும். செய்தி வந்த அண்டே "எல்லாம் போச்சு" எண்டு எழுதிறதில பிரயோசனம் இல்லை. கடைசி இதழின்ரை இலக்கம் என்ன, அதுக்கு எத்தினை பக்கம் குடுத்திருக்கினம் எண்டு பாருங்கோ. பக்கம் கூட இருந்தால் கொம்பனி அவருக்கு முடிக்க இடம் குடுத்திருக்கு எண்டு அர்த்தம்.

இதுக்கு வடிவான உதாரணம் டான் ஸ்லொட். 2008இல 'அமேசிங் ஸ்பைடர்மான்' 546ஆம் இதழில வேறை எழுத்தாளர்களோட சேந்து தொடங்கினவர். 2010இல 648ஆம் இதழில இருந்து பொறுப்பு அவற்றை கைக்கு வந்தது. 2018இல 800ஆம் இதழை எண்பது பக்கத்தில குடுத்தாங்கள், பெரிய சண்டை எல்லாம் அதில முடிஞ்சுது. பிறகு 801ஆம் இதழில ஸ்பைடர்மான் முந்தி ஒருக்கா காப்பாத்தின ஒரு சாதாரண மனிசன்ரை கதை. அமைதியான கதை. விடைபெறுறதுக்கு எண்டே ஒரு இதழ் கிடைக்கிறது லேசில நடக்கிற காரியம் இல்லை. இதே ஸ்லொட்டுக்கு 2012 கடைசியில, 700ஆம் இதழில பீற்றர் பார்க்கரைச் சாகடிச்சதுக்காகக் கொலை மிரட்டல் வரைக்கும் போச்சுது. கதை பிடிக்கேல்லை எண்டு எவ்வளவும் எழுதலாம். எழுதினவரை வெருட்டுறது எந்தக் காலத்திலயும் பிழை.

இதுக்கு நேர்மாறு கிறிஸ் கிளேர்மொன்ட். 1975இல 'எக்ஸ்மென்' எண்ட சுப்பர் ஹீரோக் கூட்டத்தின்ரை தொடர் அவற்றை கைக்கு வந்தது. பதினாறு வருசம். இண்டைக்கு நாங்கள் எக்ஸ்மென் எண்டு சொல்லுறதில பாதிக்கு மேலை அவர் கட்டினதுதான். 1991இல எடிட்டர் பொப் ஹரஸோடயும், கீறின ஜிம் லீ கதையை இழுத்துக்கொண்டு போன திசையோடயும் ஒத்துப்போகேல்லை. பழைய தொடரில 279ஆம் இதழை எழுதிக்கொண்டிருக்கேக்கையே விலகினார். மிச்சத்தை ஃபேபியன் நிசியேசா எழுதினார். அந்த இதழை வடிவா வாசிச்சால் நடுவில குரல் மாறுறது தெரியும். புதுசாத் தொடங்கின 'எக்ஸ்மென்' முதலாம் இதழ் அஞ்சு விதமான அட்டையோட எண்பது லட்சம் பிரதிக்கு மேலை போனது. அதை எழுதினவரும் கிளேர்மொன்ட்தான். மூண்டு இதழோட அங்கயும் முடிஞ்சுது.

இதில என்ன பிழைச்சது எண்டதைக் கவனியுங்கோ. பதினாறு வருசமா அங்கங்க ஊண்டிவிட்ட முடிச்சுகள் கன இருந்தது. அவிழ்க்கத் தெரிஞ்ச ஆள் போயிட்டார். நாலாம் இதழில கதை ஜிம் லீயின்ரை, வசனம் ஜோன் பேர்ண். பேர்ண் லேசான ஆள் இல்லை, 108இல இருந்து 143 வரைக்கும் கிளேர்மொன்ட்டோட சேந்து கீறினவர். எண்டாலும் கதையை ஒராள் போட, வசனத்தை இன்னொராள் நிரப்பினால் பாத்திரங்கள் தங்கடை மனசில இருக்கிறதைக் கதையாமல், படத்தில நடக்கிறதை விளங்கப்படுத்தத் தொடங்கிவிடும். இதை நீங்களும் பிடிக்கலாம்: உள்பக்கத்தில பேர் போடுற இடத்தில 'கதை' ஒராளும் 'வசனம்' இன்னொராளும் எண்டு திடீரெண்டு மாறியிருந்தால், உள்ளுக்கை ஏதோ நடந்திருக்கு. 2009இல 'எக்ஸ்மென் ஃபோரெவர்' எண்டு, அந்த மூண்டாம் இதழ் விட்ட இடத்தில இருந்தே கிளேர்மொன்ட் தன்ரை வழியில தொடர்ந்தார். பதினெட்டு வருசத்துக்குப் பிறகு அதுக்கும் வாசிக்க ஆக்கள் இருந்தினம் எண்டால் அந்த வெட்டுக் காயம் எவ்வளவு ஆழம் எண்டு பாருங்கோ.

ரெண்டுக்கும் நடுவில ஒரு வகை இருக்கு: நேரம் குறைய, ஆனால் முடிக்க ஒரு வாய்ப்பு. பீற்றர் டேவிட் 'ஹல்க்'கை 1987இல இருந்து ஏறக்குறைய பன்னிரண்டு வருசம் எழுதினார். ஹல்க்கைப் பழையபடி மூர்க்கமா, யோசிக்காத பிறவியா ஆக்கவேணும் எண்டு கொம்பனி நிண்டது, அவர் ஒத்துக்கொள்ளேல்லை. 1998இல 467ஆம் இதழ்தான் கடைசி. அவர் என்ன செய்தார் எண்டால், கதையைப் பத்து வருசம் முன்னுக்குத் தள்ளி, ஹல்க்கின்ரை பழைய கூட்டாளி றிக் ஜோன்ஸ் ஒரு செய்தியாளருக்கு நடந்ததெல்லாம் சொல்லுற மாதிரி வைச்சார். வருசக்கணக்கா எழுத நினைச்சதை ஒரு இதழுக்குள்ள சொல்லிமுடிச்சார். தனியா வாசிச்சால் அவசரமாத் தெரியும், முன்னுக்கு வந்ததையெல்லாம் வாசிச்சிட்டுப் போனால் நெஞ்சை அடைக்கும். என்ரை கணிப்பில அந்தத் தொடரின்ரை உண்மையான முடிவு அதுதான்.

இப்ப உங்கடை பட்மான். டொம் கிங் 2016இல முதலாம் இதழில இருந்து தொடங்கி, நூறுக்கு மேலை போறது எண்டு திட்டம் போட்டவர். 2019இல 85ஆம் இதழோட தொடர் வேறை கைக்குப் போச்சுது. 86ஆம் இதழில இருந்து ஜேம்ஸ் டைனியன். இங்கதான் தொகுப்பா வாங்கிற ஆக்கள் ஏமாறுறவை. 85 வரைக்கும் வாசிச்சவர் 86ஐ எடுத்து, கிங் விட்ட பட்மான் – கட்வுமன் கதையைத் தேடுவார். அது அங்க முழுசா இல்லை. அந்த மிச்சம் 'பட்மான்/கட்வுமன்' எண்டு தனியாப் பன்னிரண்டு இதழா வந்தது, முதல் இதழ் 2020 கடைசியில. ஆகவே நீங்கள் 85ஆம் இதழ் இருக்கிற தொகுப்புக்குப் பிறகு எடுக்கவேண்டியது அந்தத் தனிப் புத்தகத்தை. டைனியனை வேறை கதையா, புதுசா வாசியுங்கோ. முந்தினவர் போனதுக்கு பின்னுக்கு வந்தவரைப் பேசுறது பெரிய அநியாயம். ஆரை எழுப்பிறது எண்ட முடிவு அவற்றை மேசைக்கு வாறதே இல்லை.

ஸ்பைடர்மானில இன்னொரு பொறி இருக்கு: இலக்கம். ஸ்லொட்டின்ரை காலத்துக்குள்ளயே 700க்குப் பிறகு தொடர் நிண்டு, 2013 தையில 'சுப்பீரியர் ஸ்பைடர்மான்' ஒண்டில இருந்து தொடங்கினது. அது 31ஆம் இதழ் வரைக்கும் போய், 2014 சித்திரையில 'அமேசிங்' திரும்ப ஒண்டு. 2015இல இன்னொருக்கா ஒண்டு. 2017இல பழைய எண்ணிக்கைக்குத் திரும்பி 789. பிறகு 2018 ஆடியில நிக் ஸ்பென்சர் வரேக்கை திரும்பவும் ஒண்டு! புத்தக முதுகில 'தொகுதி 1' எண்டு கண்டால் புது எழுத்தாளர் எண்டு நினைக்கக்கூடாது. முதுகில இருக்கிற எழுத்தாளர் பேரையும், உள்ளுக்கை எந்த எந்த இதழ் அடங்குது எண்டு சிறிசாப் போட்டிருக்கிற வரியையும் சேத்துப் பாக்கவேணும். கனடாவில, லண்டனில இருந்து வாற சொந்தக்காரரிட்டைச் சொல்லி விடுறீங்கள் எண்டால் 'ஸ்பைடர்மான் தொகுதி 1' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, கட்டாயம் வேறை ஒண்டுதான் வந்து சேரும். எழுத்தாளர் பேர், இதழ் இலக்கம், வருசம், இந்த மூண்டையும் எழுதி, அட்டைப் படத்தையும் அனுப்பிவிடுங்கோ. பொதியின்ரை நிறை பிரச்சினை எண்டால் கெட்டி அட்டைப் பெரிய தொகுப்பை விட்டிட்டு, அஞ்சாறு இதழ் அடங்கிற மெல்லிய அட்டைப் புத்தகமா எடுப்பியுங்கோ.

'விட்டிடுறன்' எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு விசயம். அமெரிக்காவில கொமிக்ஸ் கடைக்காரர் எடுத்த இதழைப் பெரும்பாலும் திருப்பிக் குடுக்க ஏலாது. கோவத்தில வாசகர் முன்பதிவைக் கடைசி நேரத்தில வெட்டினால் முதல் அடி விழுறது அந்தக் கடைக்காரருக்கு. கொம்பனி பாக்கிறது அதுக்குப் பிறகு வாற ஓடர் எண்ணிக்கையைத்தான். அதனால கோவத்தைக் காட்டவேணும் எண்டால் அடுத்த கதைத் தொடரை எடுக்காமல் விடலாம், அதுதான் ஒழுங்கான வழி. இஞ்ச இருந்து தொகுப்பு வாங்கிற நீங்கள் அவசரப்படத் தேவையே இல்லை. கடைசி இதழ் வந்து, தொகுப்பாகி, உங்கடை கையில கிடைக்கிறதுக்கு இன்னும் கன மாதம் எடுக்கும். மார்வலின்ரை சந்தாச் செயலியில இதழ் வந்து மூண்டு மாதத்தில வாசிக்கலாம். புது எழுத்தாளற்றை முதலாவது கதையை முழுசா அதில பாத்திட்டுப் புத்தகத்துக்குக் காசு குடுங்கோ. ஒரு இதழோட தீர்ப்புச் சொல்லக்கூடாது. முதல் இதழில புது ஆள் அநேகமா வீட்டுச் சாமானை இடம் மாத்தி வைச்சுக்கொண்டிருப்பார். அஞ்சாம் ஆறாம் இதழிலதான் அவற்றை குரல் தெரியும்.

எழுத்தாளர் மாறுறது எங்களுக்குப் புதுசும் இல்லை. லயன் காமிக்ஸில தமிழில வாசிச்ச ஸ்பைடர் (ஸ்பைடர்மான் இல்லை, இது வேறை ஆள்), அந்தக் கூர்மண்டையன், முதல் ரெண்டு கதை டெட் கோவன் எழுதினது. மூண்டாவதில இருந்து ஜெரி சீகல். சுப்பர்மானை உருவாக்கின ரெண்டு பேரில ஒராள் அவர்! குற்ற உலகத்துக்கு ராசாவாக நினைச்ச கள்ளன், பேந்து தன்னைவிடப் பெரிய வில்லன்மாரோட மோதத் தொடங்கினது அவற்றை கையிலதான். இரும்புக்கை மாயாவியும் அப்பிடித்தான், கென் புல்மர் தொடங்கினார், பிறகு டொம் டல்லி. முதல் கதையில கண்ணுக்குத் தெரியாமல் களவெடுத்துத் திரிஞ்ச மனிசன் நிழல்படை எண்ட உளவுப் படையில சேந்ததை நாங்கள் ஒரே கதையாத்தான் வாசிச்சனாங்கள்.

ஆகவே தம்பி, ஸ்பைடர்மானில 801 இருக்கிற தொகுப்போட ஸ்லொட்டின்ரை வரிசையை நிப்பாட்டி, ஸ்பென்சற்றை முதல் தொகுப்பைச் செயலியில பாத்து முடிவெடுங்கோ. பட்மானில 85 இருக்கிற புத்தகமும், அந்தப் பன்னிரண்டு இதழ்த் தொகுப்பும் கட்டாயம் எடுங்கோ. ரெண்டில ஒண்டுக்குத்தான் காசு காணும் எண்டால், பன்னிரண்டு இதழ் கொஞ்சம் நிக்கட்டும், 85ஐ முதல் எடுங்கோ.

சரி, அடுத்த கேள்வி சுன்னாகத்தில இருந்து.