மவுஸைத் தொடாமல் கற்றுக்கொடுப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இங்கே பேசப் போவது கணினி விளையாட்டைப் பற்றி என்று சொன்னதும் என் அம்மாவே, "ரேடியோவுலயா? இதையெல்லாம் யாருடா கேப்பாங்க?" என்றார். கேட்பவர்கள் கேளுங்கள். வீட்டில் பேரன் பேத்தி கணினி முன்னால் உட்கார்ந்து "எனக்கும் சொல்லிக் கொடு" என்று யாரையாவது நச்சரித்துக்கொண்டிருந்தால், சொல்லிக் கொடுக்கிறவருக்காகத்தான் இந்தப் பேச்சு.

2004இல் மன்னார்குடியில் ஆறு கணினிகளை வைத்து ஒரு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். மணிக்கு 20 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டால் வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. பிரவுசிங் என்று பெயர்தானே தவிர, பையன்கள் வந்தது, ஊரை வளர்த்துப் படை திரட்டி எதிராளியோடு மோதுகிற 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட. அதிலும் 1999இல் வந்த இரண்டாம் பாகம். அதைத்தான் இன்றுவரை நானும் ஆடுகிறேன், அதைத்தான் பிறருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆடு புலி ஆட்டம் தெரியும் அல்லவா? நீங்கள் ஒரு காய் நகர்த்தும்வரை நான் காத்திருப்பேன். இதில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி மரம் வெட்டுகிறான், வீடு கட்டுகிறான், படை திரட்டுகிறான். ஆரம்பத்தில் உங்களிடம் டவுன் சென்டர் என்ற ஒரே கட்டடம், மூன்று வேலையாட்கள், சுற்றிப் பார்த்து வர ஒரு குதிரைக்காரன். 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். இதிலிருந்து ஒரு ராஜ்ஜியம் வர வேண்டும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மாயவரத்திலிருந்து அக்கா மகள் மே மாத லீவுக்கு வந்திருந்தாள். பத்து வயது. "மாமா, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதின்மூன்று நாட்டுப் படைகள், எந்தப் படையை எது வெல்லும், எத்தனையாவது நிமிடத்தில் என்ன கட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். பிள்ளை தலையாட்டியது. ஆட்டம் தொடங்கிய நாலாவது நிமிடம் ஒரு காட்டுப்பன்றி அவளுடைய வேலையாளைத் துரத்தியது. அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன். படபடவென்று நாலு கிளிக், பன்றியைச் சாய்த்து, ஆளைக் காப்பாற்றிவிட்டு, "பாத்தியா, இப்படித்தான்" என்றேன்.

"நீங்களே ஆடுங்க மாமா" என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த வருஷ லீவிலும் கணினிப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் என் இரண்டு கையும் தொடைக்கு அடியில்தான் இருக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். கை சும்மா இருந்தால் மவுஸுக்குப் போய்விடும்.

அடுத்தது சித்தப்பா. இந்தக் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிகிற மூணாறு தலைப்புப் பக்கம் அவர் ஊர். உளுந்து எடுத்து முடித்து வயல் காலியாகக் கிடந்த ஒரு கோடையில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து இருந்தார். வயது 61. டிவி சலித்துப்போய், "நீ என்னடா எந்நேரமும் அதையே பாக்குற?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இடது பொத்தானை அழுத்தினால் ஆளைப் பிடிக்கலாம், வலது பொத்தானை அழுத்தினால் வேலை சொல்லலாம். இதற்கே அரை நாள் ஆயிற்று. "கூப்புட ஒரு வெரலு, ஏவ ஒரு வெரலு" என்று அவரே முணுமுணுத்துக்கொண்டு பழகினார். ஆட்டை ஒவ்வொன்றாகத்தான் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடித்துப்போட்டால் கறி வீணாகிக்கொண்டே போகும் என்றேன். "கறிக்கடைக்காரனுக்கே பாடமாடா?" என்றார். பன்றி விஷயத்தில்தான் தகராறு. ஓர் ஆட்டில் 100 உணவு என்றால் பன்றியில் 340. ஒரு ஆளை விட்டு அதை அம்பால் சீண்டி, துரத்த விட்டு, டவுன் சென்டர்வரை ஓடி வரச் செய்து, அங்கே எல்லோரும் சேர்ந்து அடிக்க வேண்டும். "பன்னியை விரட்டுறவனைப் பாத்திருக்கேன். வாசலுக்கு அழைச்சுக்கிட்டு வர்றவனை இப்பத்தான் பாக்குறேன்."

பிறகு வயல். ஒரு வயல் போட 60 மரம் செலவாகும்.

"வயலுக்கு எதுக்குடா மரம்? வெத நெல்லு எங்க?"

"வெதையெல்லாம் கிடையாது சித்தப்பா."

"தண்ணி?"

"தண்ணியும் வேண்டாம்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "ஜூன் பன்னெண்டு, மேட்டூரு, மொறப்பாசனம் ஒண்ணும் கிடையாதா? அப்ப நான் அங்கேயே போயிடுறேன், போ."

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்தக் கல்லூரிப் பையனுக்கும் மண்டையில் ஏறாத ஒன்றை அவர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். டவுன் சென்டர் சும்மா இருக்கக் கூடாது. 50 உணவு கொடுத்தால் 25 விநாடியில் ஒரு வேலையாள் வெளியே வருவான். அவன் வந்ததும் அடுத்தவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க இது நிற்கவே கூடாது. கற்றுக்கொள்கிறவர்கள் குதிரைக்காரனை விட்டு ஊர் சுற்றிப் பார்ப்பார்கள், ஆட்டைத் தேடுவார்கள், இதை மறந்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் மறந்தால் ஐந்து ஆள் போயிற்று. அந்த ஐந்து பேர் வெட்டியிருக்க வேண்டிய மரமும் போயிற்று.

எத்தனையோ பேருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். சித்தப்பாவுக்குக் கணக்கே தேவைப்படவில்லை. "இது நாத்தங்கால்டா" என்றார். வயல் தயாராகும்போது நாற்று கையில் இருக்க வேண்டும், வயலை உழுது வைத்துக்கொண்டு நாற்றுக்கு அலைந்தால் பட்டம் தப்பிவிடும். நாற்றுக்கு 25 நாள், இங்கே 25 விநாடி. அவருக்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டு விஷயமும் அப்படித்தான். டவுன் சென்டரில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆரம்பத்திலேயே குதிரைக்காரனோடு நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் கதவடைப்பு, வீடு கட்டினால்தான் ஆறாவது ஆள். ஒரு வீட்டுக்கு ஐந்து பேர். புதிதாக ஆடுகிறவர்கள் இதில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சித்தப்பா நிற்கவில்லை. நடவுக்கு ஆள் சொல்வதென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்தானே.

அவர் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். உணவு 3,000 சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். 500 கொடுத்தால் அடுத்த யுகத்துக்கு, அதாவது ஆட்டத்தின் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், கொடுக்க மனசில்லை. படைவீரனுக்குச் சோறு போடவும் மனசில்லை. குதிரைப்படை வந்தது, வயலில் நின்றவர்களை எல்லாம் வெட்டிப்போட்டது. என் கை தொடைக்கு அடியில் துடித்தது. ஆனாலும் எடுக்கவில்லை. "குதிரு நெறஞ்சிருக்கு, ஊரு போச்சேடா" என்றார். ஒரு வாய் காபி குடித்துவிட்டு, "இன்னொண்ணு போடு."

அந்த "இன்னொண்ணு போடு"தான் எனக்கு வேண்டியது. மவுஸை நான் வாங்கிக் காப்பாற்றியிருந்தால் அது வந்திருக்காது.

இந்த விளையாட்டிலேயே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். வில்லியம் வாலஸ் என்ற ஸ்காட்லாந்து வீரனின் கதையாக வரும். அதில் முதல் பாடம் நடப்பதும் சண்டை போடுவதும். சோறு சேர்ப்பது இரண்டாவது பாடம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கத்தியை முதலில் கையில் கொடுத்தால் அப்புறம் யார் வயலுக்குப் போவார்கள்? எதிரியே இல்லாதது மாதிரி முதல் இரண்டு மூன்று நாள் ஊரை மட்டும் வளர்க்கச் சொல்லுங்கள். டவுன் சென்டர் சும்மா இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் பாடம். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தெரிகிறது. என் கடைப் பையன்களும் இதையே சொல்லிக் கேலி செய்வார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்து ஐயா இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் பாக்கி. சண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன், இனி வேகமாகத்தான் சொல்ல முடியும். குதிரைக்கு ஈட்டிக்காரன், ஈட்டிக்காரனுக்கு வில்லாளி, வில்லாளிக்குக் குதிரை. விசைப்பலகையில் ஹெச் அழுத்தினால் டவுன் சென்டருக்குப் போகும், முற்றுப்புள்ளியை அழுத்தினால் சும்மா நிற்கிற ஆளைக் காட்டும். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு விசை போதும்.

அக்கா மகளைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 2022இல் ஒருநாள் அவளே போன் செய்தாள். "மாமா, நம்ம ஆளுங்க வந்திருக்காங்க!" அந்த வருஷம்தான் திராவிடர் என்று ஒரு நாட்டைச் சேர்த்தார்கள். சுருள்வாள் வீசுகிற வீரன், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழனின் கதை எல்லாம் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் நமக்குப் பக்கத்து ஊர் அல்லவா, அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஆடினோம். நான் தோற்றேன்.

ஒரு விரலாகிவிட்டது. சித்தப்பா இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சித்தப்பா, சாயங்காலம் வர்றேன், கணினியைப் போட்டு வையுங்க. நேயர்களே, வணக்கம்.